யார் செய்தது என்று கேட்காத ஊர்

ஹாம்பர்க் அலுவலகத்தில் தவறு செய்தால் யாரும் திட்டமாட்டார்கள். வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இணையதளம் படுத்துவிட்டால் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேக் சாப்பிட்டபடி, எந்த ஓட்டை வழியாகத் தவறு வந்தது என்று பேசுவார்கள். யார் செய்தது என்று கேட்பது அநாகரிகம். மென்பொருளை எழுதுபவர்களும் அதை ஓட்டிப் பராமரிப்பவர்களும் ஒரே குழுவாக இயங்கும் டெவ்ஆப்ஸ் முறையில் இதுவும் ஒரு பாடம். முதன்முதலில் ஒரு ஜெர்மன்காரப் பையன் தளத்தைக் கவிழ்த்தபோது அவனுக்காக நான்தான் வேர்த்தேன். அவன் இரண்டாவது துண்டு கேக் எடுத்தான்.

டெவ்ஆப்ஸ் சான்றிதழ்த் தேர்வில் தேறினால்தான் வேலை ஒப்பந்தம் நீளும் என்றார்கள். மகளுக்கு அங்கே பள்ளியில் கடைசி வருடம். வேலை போனால் விசாவும் போகும். நடுவில் அவளைப் பிடுங்கி எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அந்தக் கவலையோடு விடுப்பில் ஸ்ரீரங்கத்துக்கு, அப்பா அம்மா வீட்டுக்கு வந்தேன். தேர்வை அந்த வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். மாடி அறை, ஒரு கேமரா, எங்கிருந்தோ என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர். எழுந்திருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது. மிக்சி போடமாட்டேன் என்று அம்மா வாக்குக் கொடுத்தாள்.

தேர்வு பாதி தாண்டியிருக்கும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் படிக்கட்டில் இறங்கியது. கீழே அப்பாவின் குரல் எழுந்தது.

"மோட்டாரை யாரு போட்டது? எனக்கு இப்பத் தெரிஞ்சாகணும்!"

என் திரையில் அப்போது இருந்த கேள்வி: கோளாறு நடந்ததும் குழு முதலில் கேட்க வேண்டியது எது? கொடுத்திருந்த விடைகளில் முதலாவது, 'யார் செய்தது?'

"யாரோ உங்களுக்கு விடை சொல்கிறார்கள்" என்றார் கண்காணிப்பாளர் ஆங்கிலத்தில்.

"அப்பா. தண்ணீர்த் தொட்டி..."

"தொட்டிக்குள் அப்பாவா?"

அப்பா சொல்வது தவறான விடை என்று அவருக்கு எப்படி விளக்குவது?

"இன்னொரு முறை குரல் கேட்டால் தேர்வு ரத்து."

அப்பாவை அதட்டவும் வழியில்லை. மகளின் பள்ளிப் பை கண்முன் ஆடியது. சட்டென்று வீடு அடங்கியது. அம்மா அவர் காதருகே போய், "நீங்கதாங்க போட்டீங்க. போட்டுட்டுப் பேப்பரை விரிச்சீங்க" என்றாளாம். அப்பா துடைப்பத்தோடு படிக்கட்டுக்குப் போனாராம். 'எது இதை நடக்கவிட்டது?' என்ற சரியான விடையை நான் தொட்டேன். யாரென்று அம்மா கண்டுபிடித்திராவிட்டால் அதைத் தொட்டிருக்கவே முடியாது.

தேறிவிட்டேன். ஹாம்பர்க் திரும்புமுன், தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நிற்கும் கருவியைப் பொருத்தினேன். அப்பாவுக்கு வருத்தம். "இனிமே நான் யாரைக் கேக்கறது?"

போன வாரம் நானே தளத்தைக் கவிழ்த்தேன். கேக் வந்தது. எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை. பொட்டலம் கட்டி எடுத்துவந்து, மாலையில் வீட்டிலிருந்து ஸ்ரீரங்கத்தை அழைத்து, தளம் கவிழ்ந்த கதையைச் சொன்னேன்.

"யாரு பண்ணது?" அப்பாவின் குரலில் பழைய தெம்பு.

"நான்தாம்ப்பா."

"கண்ணை எங்கடி வச்சிருந்த?"

அவர் திட்டத் தொடங்கினார். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, நான் பொட்டலத்தைப் பிரித்துக் கேக்கைச் சாப்பிட ஆரம்பித்தேன்.