உயர்த்திக் கட்டிய கூரை

தங்கை மகன் கல்யாணத்துக்கு வாடகைக்குப் பிடித்த பழைய சீமைக் காரை ஓட்டி வந்தவர் அவர். தலையில் பெரிய உருமால். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சுளுக்கு என்று நினைத்தேன். கிளம்புமுன் கண்ணாடியில் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதலமடை மாந்தோப்புகளுக்கு நடுவே மாப்பிள்ளை புழுக்கம் தாளாமல் தன் உருமாலைக் கழற்றினான். உடனே வண்டி நின்றது.

“ரிப்பேருங்களா?” என்றேன்.

“வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. இது ராஜா வெச்சிருந்த வண்டிங்க. அவரு தலைப்பாகை இடிக்கக் கூடாதுன்னு, சீமையிலயே சொல்லி, பின்பக்கக் கூரைய அரையடி ஒசத்திக் கட்டுனதுங்க. வெறுந்தலையோட உக்காந்தா அவமானமுங்க.”

“யாருக்கு?”

“வண்டிக்குங்க.”

முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. மாப்பிள்ளை முனகிக்கொண்டே கட்டினான். கிளம்பும்போது என் வழுக்கையைப் பொறுத்துக்கொண்டவர், இப்போது அதையும் விடவில்லை. தன் துண்டை நீட்டினார். நானும் கட்டிக்கொண்டேன்.

மண்டபத்தில் இறங்கியபோதுதான் கவனித்தேன். முன்பக்கக் கூரை தாழ்வாக இருந்தது. உருமால் இடிக்காமலிருக்கத்தான் அவர் கழுத்தைச் சாய்த்திருந்தார்.

“முன்னாலயும் ஒசத்தியிருக்கலாமுங்களே?” என்றேன்.

“ஓட்டறவன் தலைய யாருங்க அளந்தாங்க?”

உருமாலை இறுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, துண்டைத் திருப்பிக் கேட்காமலே வண்டியை எடுத்தார். அது கண்ணுக்கு மறையும் வரை அந்தத் துண்டை என்னால் கழற்ற முடியவில்லை.