பத்தில் வைத்த கிட்டார்

எங்கள் ஊர் சாகினாவில் டெல் கிராயெவ்ஸ்கியைத் தெரியாதவன் நேற்றுக் குடிவந்தவனாகத்தான் இருக்க வேண்டும். எண்பத்தொன்றாம் வருஷம் அவன் கிட்டார் வாசித்த ஒரே ஒரு பாட்டு ரேடியோவில் ஓடு ஓடென்று ஓடியது. டெட்ராய்ட்டில் பெரிய ராக் குழுக்கள் மேடையேறுவதற்கு முன்னால் எங்கள் குழு இரண்டு வருஷம் வாசித்தது. அப்புறம் ரெக்கார்டு கம்பெனி கழற்றிவிட்டது. டெல் டயர் கடை வேலைக்குப் போனான். டயர் மாற்ற வருகிறவர்கள் இன்னமும் பில்லை நீட்டி அவனிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் லோர்னா, நாற்பது வருஷமாக அவனுக்கு டிரம் அடிக்கிறவள்.

ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தை உச்சமான பத்தில் வைத்து, அதற்கு நேர் முன்னால் போய் நிற்பது அவன் கிறுக்கு. காதை அடைத்துக்கொள்ளச் சொல்லித் தலைதலையாக அடித்துக்கொண்டேன். "காத அடைச்சுக்கிட்டு வாசிக்கிறவன் கல்யாண வீட்டுல போய் வாசிக்கட்டும்" என்பான். பாவி, கடைசியில் காது போயே போய்விட்டது. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. என் வலது கையைப் பார்த்துத் தாளம் பிடிப்பான், உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வான். சுருதி சேர்க்கக் காலடியில் ஒரு சின்னப் பெட்டி; அதில் பச்சை விளக்கு எரிந்தால் சரி.

"ஜனங்க சொல்ல மாட்டாங்க லோர்னா. என்னிக்கு நான் அசிங்கமா வாசிக்கிறேனோ, அன்னிக்கு நீ சொல்லிடணும். அத்தோட நிறுத்திடுறேன்" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

இந்த ஆகஸ்ட் பொருட்காட்சியில், மத்தியான வெயிலில், அந்த ரேடியோப் பாட்டின் நடுவே அவன் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. ஒரு தந்தி இளகிவிட்டது. விரல்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. சத்தம் மட்டும் தகரத்தைக் கீறுகிற மாதிரி வந்தது. அவனோ கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே வாசித்தான். ஆயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் இறங்கியதும் என் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"உன் மூஞ்சியே சரியில்ல. என்னாச்சு?"

"தந்தி எறங்கிடுச்சு டெல். ரொம்ப மோசமா இருந்துச்சு."

"இன்னிக்கு மட்டுந்தானா?"

அவன் அப்படி உற்றுப் பார்க்கும்போது எனக்குப் பொய் வரவில்லை. "மூணு வருஷமா இப்படித்தான். எங்கயாவது தப்பிடுது."

படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. நிறுத்திட்டு என்ன பண்ணுவ, டயர் கடையிலேயே கெடப்பியா? நான் என்ன பண்ணுவேன்?" அழுகைக்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

வெளியே பெஞ்சுகளை உதைத்து உதைத்து அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கேட்கவில்லை.

"இன்னொரு பாட்டு கேக்குறாங்க டெல். விடாமக் கூப்பிடுறாங்க" என்றேன்.

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷமா என்னை ஏமாத்தினவ நீ. இப்பக் கூப்பிடுறாங்கன்னு சொல்றியே, அத நான் எப்படி நம்புறது?"