ரப்பர் அக்காவின் சுரங்கப்பாதை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘ரப்பர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். செயற்கைக்கோள் வானத்தை எடுத்து அனுப்பும் எக்ஸ்ரே படங்களில் நட்சத்திரங்களை வட்டம் போட்டு அழிப்பது அவள் வேலை. பளிச்சென்று தெரிவதையெல்லாம் எடுத்துவிட்டால் மங்கலாக ஓர் ஒளி மிஞ்சும். சூரியனைச் சுற்றி வெகுதூரம் பரவிக் கிடக்கிற, பல லட்சம் டிகிரி சூடான மெல்லிய வாயுவின் ஒளி அது. அதைத்தான் வரைபடமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஊரே நட்சத்திரத்தை அண்ணாந்து பாக்குது. நீ ஒருத்திதான் அதைத் துடைச்சுப் போடற” என்று கேலி செய்வார் கணவர். பஸ் டிரைவர். நுரையீரல் நோய் அவரைக் கட்டிலோடு போட்டுவிட்டது. டாக்டர்கள் கைவிரித்ததும் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

ஒருநாள் அவள் கொண்டுவந்த படத்தில், மங்கல் ஒளியிலிருந்து ஒரு கீற்று வெளியே நீண்டு போயிற்று.

“இது என்னம்மா?”

“சூடான வாயு அந்தப் பக்கம் சுரங்கப்பாதை மாதிரி போகுதுன்னு நெனைக்கறோம்.”

“அந்த ரூட்டுல வண்டி விட்டா நான்தான் டிரைவர். இப்பவே சொல்லி வை.”

படத்தை எதிர்ச்சுவரில் ஒட்டச் சொன்னார். வலி கூடும்போதெல்லாம் அவர் கண் அங்கேதான் போகும்.

அரை வருடம் கழித்து செயற்கைக்கோள் அதே திசையை மறுபடி அளந்தது. பாதையைக் காணோம். அவ்வளவு பெரிய வாயுத்திரள் அரை வருடத்தில் கலைந்துபோகாது. முதல்முறை அளந்தபோது சூரியனிலிருந்து துகள்காற்று பலமாக வீசியிருக்கிறது. அந்தக் காற்றும் எக்ஸ்ரேயில் ஒளிரும். அதைக் கழிக்கத் தவறியிருந்தார்கள். அந்தத் தவறைக் கண்டுபிடித்தவளும் அவள்தான்.

குழுத்தலைவி அவளைவிட இளையவள். “வீட்ல சொல்லாதீங்கக்கா. அவர் போய் யாரைக் கேக்கப் போறார்?” என்றாள்.

வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

“என்ன, நம்ம ரூட் எப்படியிருக்கு?”

“ரூட்டே இல்லீங்க. பக்கத்துல அடிச்ச சூரியக் காத்தோட வெளிச்சத்தைத் தூரத்து வாயுன்னு நெனச்சுட்டோம்.”

“கண்ணாடியில படிஞ்ச ஆவியை ரோட்டுல பனின்னு நெனச்ச கதைதான். எனக்கும் ஆயிருக்கு” என்றார். பிறகு, “அப்ப நான் எந்த வழியா போறதாம்?”

கேலியாகத்தான் கேட்டார். அவள் படத்தைக் கழற்றப் போனாள்.

“இருக்கட்டும், விடும்மா.”

ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தே படுத்திருந்தார்.

மூன்றாம் முறை அளந்த படங்கள் வந்தபோது அவர் இல்லை. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவள் முதலில் திறந்தது அந்தத் திசையைத்தான். நட்சத்திரங்களை அழித்தாள். சூரியக் காற்றின் பங்கைக் கழித்தாள். எங்கும் ஒரே சீரான மங்கல். கழித்தது கூடிப்போயிற்றோ என்று முதலிலிருந்து மறுபடி செய்தாள்.

பின்னால் வந்து நின்ற குழுத்தலைவி மெல்லக் கேட்டாள். “அது இல்லைன்னு நீங்கதானேக்கா கண்டுபிடிச்சீங்க?”

“ஆமா. சும்மா பாத்தேன்.”