மஞ்சள் பறவையின் சுபாவம்

தொலைக்காட்சியில் வரும் அந்த மஞ்சள் பறவை ஆணா பெண்ணா என்ற வழக்கு, ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க நடந்தது. பெரிய தலை, அதைவிடப் பெரிய கண்கள், குச்சிக் கால்கள். கூண்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். அதைத் தின்ன ஒரு பூனை தினமும் வரும், தினமும் அடிவாங்கிக்கொண்டு போகும். படம் ஆங்கிலத்தில் ஓடியதால் எங்களுக்குப் பேச்சு புரியாது. முகத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

வழக்கு காரணமில்லாமல் எழவில்லை. எங்கள் சந்தில் பிள்ளையார் விழாவுக்கு மாறுவேடப் போட்டி வைத்திருந்தார்கள். சித்தி மஞ்சள் துணியில் ஒரு பறவை உடை தைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கா, மாடியில் இருந்த பெரியம்மாவின் மகனான அண்ணனுக்கா? பறவை பெண்தான் என்று நான் சாட்சிகளை அடுக்கினேன். ஒன்று, நீண்ட இமைகள். இரண்டு, சின்னப் பாதங்கள். மூன்று, எந்தச் சண்டையிலும் அதன்மேல் தூசி படுவதில்லை.

"பூனையை அந்த அடி அடிக்குது, அது பொண்ணா? போடி" என்றான் அண்ணன். அவனுக்கு ஒரே சாட்சி போதுமானதாக இருந்தது.

தீர்ப்புக்காகச் சித்தியிடம் போனோம். அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் கோணியிருந்தாலோ நூல் தொங்கினாலோ அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் தாள் வீட்டுக்கும் வந்துவிடும். என் சீருடையில் பட்டன் தளர்ந்திருந்தால், காலையில் அங்கே ஓர் அம்பு காத்திருக்கும்.

சித்தி மெஷினை நிறுத்தினாள். "பையனா இருந்தா என்ன, பொண்ணா இருந்தா என்ன? அதோட குணத்தைப் பாருங்க. பாத்தா பாவமா இருக்கும். அடிச்சப்புறமும் பாவமாவே இருக்கும். யாருக்கு அப்படி நிக்க வருதோ அவங்களுக்குத்தான் டிரஸ்."

அண்ணனுக்குப் பாவமாக நிற்க வரவில்லை, சிரித்துவிட்டான். கரி மீசை வரைந்து பூனையாக்குகிறேன் என்று சித்தி சொன்னதும் சமாதானமானான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமா கொண்டுவந்த இடம். மாப்பிள்ளைக்குச் சந்தாபுராவில் ஹார்டுவேர் கடை. ஒரே நிபந்தனை, பெண் வேலையை விட்டுவிட வேண்டும். சித்தியைச் சூப்பர்வைசர் ஆக்குவதாகத் தொழிற்சாலையில் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. வாரம் முழுக்க வீட்டில் சண்டை.

"கல்யாணமே வேணாம்னு நான் சொல்லலை. வேலையை விடச் சொல்றவங்க வேணாம்" என்றாள் சித்தி.

"சும்னே வாயை மூடிக்கிட்டு இரும்மா. வர்றவங்க முன்னாடி இதெல்லாம் பேசி என் மானத்தை வாங்காதே" என்றார் மாமா. அம்மாவும் அவர் பக்கம்தான். கடைசியில் சித்தி பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நான் பாதி தைத்த பறவை உடையைக் கழற்ற மறுத்து, கூடத்தின் மூலையில் நின்றேன். சித்தி காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு பேசவே மாட்டாளா?"

"ரொம்ப அமைதிங்க" என்றார் மாமா, அவசரமாக.

"அதான் எங்களுக்கும் வேணும். ஏம்மா, கல்யாணத்துக்கப்புறம் வேலையெல்லாம் கிடையாது. விட்டுடுவ இல்ல?"

சித்தி தலையைச் சாய்த்தாள். கண்களை அகல விரித்தாள். "விட்டுடறேன் அத்தை."

அம்மா பெருமூச்சு விட்டாள். எனக்கோ பகீரென்றது.

சித்தி மாப்பிள்ளைக்குக் காபி கொடுத்தாள். கொடுத்த பிறகும் அங்கேயே நின்று அவர் சட்டையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஸ்டிக்கர் தாளை எடுத்து, அவர் காலர் முனையில் ஓர் அம்பு ஒட்டினாள். பாக்கெட்டில் ஒன்று. கைப்பட்டையில் ஒன்று. காபி டம்ளரோடு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா பண்ற?"

"காலர் ஒரு பக்கம் நீளமா இருக்குங்க அத்தை. பாக்கெட் கோணல். கண்ணுல பட்டா கை நிக்க மாட்டேங்குது."

"நான் பாத்துப் பாத்து எடுத்த சட்டை!"

"மன்னிச்சுக்கோங்க அத்தை. ஃபேக்டரில எட்டு மணி நேரத்தோட முடிஞ்சிடும். இனிமேதான் வேலையை விட்டுடறேனே, நாள் பூரா உங்க கூடவே வீட்டுலதான் இருப்பேன். எல்லாத்தையும் பாத்துக்கறேன்." சித்தியின் பார்வை மெல்ல நகர்ந்து அந்த அம்மாவின் ஜாக்கெட் கையில் நின்றது. அவர் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, காபி சிந்தியது. அவர் அம்மா முறைத்தார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். சந்து முனையைத் தாண்டும்போதும் மாப்பிள்ளையின் காலரில் அம்பு அப்படியே இருந்தது.

மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சித்தியைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "அந்தம்மா என்ன இப்படிச் சிடுசிடுன்னு இருக்காங்க! இவ ஏதோ பழக்கத்துல ஒட்டிட்டா, அதுக்குப் போய்?" என்றார். அம்மா, "இவ பச்சைக் குழந்தைண்ணா. ஒண்ணும் தெரியாது இவளுக்கு. அவங்களுக்குத்தான் குடுத்து வெக்கலை" என்று கண்ணைத் துடைத்தாள். சித்தி மெஷினில் உட்கார்ந்து என் வாலைத் தைத்தாள்.

அடுத்த பொங்கலுக்குள் அவள் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். கல்யாணம் அதற்கப்புறம், வேலைக்குப் போகும் பெண்தான் வேண்டும் என்று கேட்டு வந்த இடத்தில்.

அந்த வருஷ மாறுவேடப் போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. மேடையில் அண்ணனை அடிஸ்கேலால் துரத்தித் துரத்தி அடித்தேன். பூனை அழுதுவிட்டது. எல்லோரும் பூனைக்காகப் பரிதாபப்பட்டார்கள். சித்தி மட்டும் கீழேயிருந்து பலமாகக் கைதட்டினாள். இரண்டு கண்களையும் அகல விரித்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போல் நின்ற அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பறவையின் சாமர்த்தியத்தில் பாதியாவது சித்திக்கு இருந்திருக்கலாமே என்று அன்று மனதார வருந்தினேன்.