ஆளை எண்ணாத சீமா ஆன்ட்டி

சனிக்கிழமை காலை கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நசீம் பாயிடமிருந்து போன் வந்தது. மத்திய கல்கத்தாவில் இருக்கும் யூதர்களின் சினகாக்கை, அதாவது அவர்களுடைய ஜெப ஆலயத்தை, பார்த்துக்கொள்பவர் நசீம் பாய். ஒடிசாவிலிருந்து வந்த முஸ்லிம். அவருடைய அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார்.

"மணி தாதா, சீமா ஆன்ட்டி நேத்து ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க."

உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எஸ்ரா அங்கிள் நசீம் பாயின் வீட்டுக்கு நடந்தே வந்தாராம். எஸ்ரா அங்கிள்தான் அங்கே பிரார்த்தனையை நடத்துபவர். சனிக்கிழமை அவர்களுக்கு சபாத், ஓய்வு நாள். போனைத் தொடக் கூடாது. தொடும்படி இன்னொருவரைக் கேட்கவும் கூடாது. அதனால் நாற்காலியில் உட்கார்ந்து, "சீமா போயிட்டா. பாவம், மணிக்குத் தெரியாதே" என்று மட்டும் சொன்னாராம். மீதியை நசீம் பாய் புரிந்துகொண்டார். அப்பா காலத்திலிருந்தே அவர்களோடு பழகியவருக்கு அதுகூடப் புரியாதா.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு சீமா ஆன்ட்டியைத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். வியாழக்கிழமைதோறும் பூப்போட்ட கவுனும் துணிப்பையுமாக மெட்ரோவில் வந்து, என் கடையில் தேங்காயெண்ணெய் வாங்கிப்போன வெள்ளைக்காரி மாதிரி ஒரு கிழவி என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். வெள்ளைக்காரி என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். "எங்க தாத்தா பாக்தாத்லேருந்து வந்தார். நான் போபஜார்ல பிறந்தவ. உன்னைவிட நான்தான் கல்கத்தாக்காரி" என்பார். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அன்று காலை எனக்கு வந்த துக்கத்தோடு கூடவே ஒரு கவலையும் வந்துவிட்டது. சபாத்தில் அடக்கம் செய்ய மாட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான். அடக்கத்தின்போது கதிஷ் என்று ஒரு பிரார்த்தனை சொல்லவேண்டும். அதைச் சொல்லப் பத்து யூத ஆண்கள் கூடியிருக்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்ல முடியாது. ஊரில் இப்போது மிஞ்சியிருக்கும் யூதர்கள் கொஞ்சம் பேர். அதில் பாதி பெண்கள், மீதியில் பாதி படுக்கையில். அந்தப் பத்துப் பேரை எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வருவதை இத்தனை வருடமும் தன் வேலையாகச் செய்துவந்தவரே சீமா ஆன்ட்டிதான். இப்போது அவருக்கு யார் பிடிப்பது?

அவர் முதன்முதலில் கடைக்கு வந்தபோது என் அப்பா இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்டவர். டின்னிலிருந்து எண்ணெயை அளந்து ஊற்றும்போது முதல் அளவை ஒன்று என்று சொல்லமாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார். நம் ஊர்க் கடைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஆன்ட்டி விடவில்லை. அது என்ன வார்த்தை, ஏன் அப்படி என்று துளைத்தெடுத்தார். முதல் அளவே லாபமாக அமையட்டும் என்று மங்கலமாகச் சொல்வது என்று நான் விளக்கியதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"உங்க அப்பா எண்ணெயை எண்ணமாட்டார். நாங்க ஆளை எண்ணமாட்டோம்" என்றார்.

மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்களுக்கு ஆகாது. கண் பட்டுவிடும் என்ற பயம்தான், வேறென்ன. பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்களா என்று எப்படித்தான் பார்ப்பது? அதற்கு வேதத்திலிருந்து பத்துச் சொல் உள்ள ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். வாக்கியம் முடிந்தால் ஆள் சரி. அன்றிலிருந்து அவர் கடைக்குள் நுழையும்போதே "லாபம்!" என்று கூவிக்கொண்டுதான் வருவார். அப்பாவும் ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக ஊற்றுவார்.

தேங்காயெண்ணெய் அவர் தலைக்கு இல்லை, விளக்குக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு முழங்கால் வலி என்று நானே எண்ணெயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றுதான் அந்த இடத்தை உள்ளே போய்ப் பார்த்தேன். வெளியே பிளாஸ்டிக் சாமான் கடைகளும் தள்ளுவண்டிகளும் கத்திக்கொண்டிருக்க, உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகத் தரை, உயரமான தூண்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். கண்ணாடி டம்ளர்களில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு, திரியை மிதக்கவிட்டு, சூரியன் இறங்குவதற்குள் ஏற்றிவிட்டார். ஏற்றியபின் அணைக்கக் கூடாது, தானாக எரிந்து அடங்கவேண்டும். ஒவ்வொரு விளக்கை ஏற்றும்போதும் செத்துப்போன ஒருவருடைய பெயரைச் சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இவர் சரியான கஞ்சன், இருந்தாலும் எரியட்டும்" என்றார் ஒரு விளக்கைக் காட்டி.

ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில் என்பது அங்கே வழக்கம். அன்று கீழே நாலு கிழவர்கள். மாடியில் யாரும் இல்லை. ஆன்ட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த முழங்காலோடு மாடி ஏறினார். கீழேயே ஓரமாக உட்காரக் கூடாதா என்று பிற்பாடு கேட்டேன். "மாடியில ஒருத்தி உக்காந்திருக்கற வரைக்கும் இது கோயில். இல்லேன்னா டிக்கெட் போட்டுக் காட்டற இடம்" என்றார். இதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. மாவு விலை சொல்வதுபோலச் சொன்னார்.

பத்துப் பேரைச் சேர்ப்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. என் கடையிலிருந்து நேரே சதர் ஸ்ட்ரீட்டுக்குப் போய்விடுவார். முதுகுப்பை மாட்டிய வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் தெரு அது. தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் பார்ப்பார். இஸ்ரேலிலிருந்து ஊர் சுற்ற வந்த இளைஞன் எவனாவது தென்பட்டால் தீர்ந்தான். "சனிக்கிழமை காலையில என்ன பண்றே?" என்று பிடித்துக்கொள்வார். கோயில் பக்கமே போகாதவனைக்கூட கோழிச் சோறு ஆசை காட்டி வரவழைத்துவிடுவார். முன்தினமே சிறு தீயில் வைத்து ராமுழுக்க வேகவிட்ட சோறு அது. இறைச்சியோடு பால் சேர்க்கக் கூடாது என்பதால் அவர் சமையலில் பாலுக்குப் பதில் எங்கள் கடைத் தேங்காய்தான்.

அவருடைய அண்ணன் தாவூத் இறந்த வருடம்தான் நான் ஒரு கூத்தைச் செய்தேன். அண்ணனுக்காகக் கதிஷ் சொல்ல ஆள் சேரவில்லை என்று வாராவாரம் வந்து வருத்தப்படுவார். பயணிகள் வருகிற குளிர்காலம்தான், ஆனாலும் அந்த வருடம் சதர் ஸ்ட்ரீட்டில் ஒருவனும் சிக்கவில்லை. எனக்குக் கேட்கப் பொறுக்கவில்லை. பத்துப் பேர்தானே வேண்டும், நம் தமிழ் ஜனங்கள் எதற்கு இருக்கிறோம் என்று ஒரு வேகத்தில் லேக் கார்டன்ஸ் பக்கத்து நண்பர்களையெல்லாம் திரட்டினேன். ஆண்களாக இருக்கவேண்டும், தலையை மூடவேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை காலை டாக்சிகளில் போய் இறங்கினோம். கிரிக்கெட் தொப்பி, கைக்குட்டை முடிச்சு என்று அவரவருக்குத் தோன்றியபடி. ரயில்வேயில் ஓய்வு பெற்ற பாஷ்யம் சார், கல்கத்தாக் குளிருக்கென்றே வாங்கிய குரங்குக் குல்லாயில் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய வந்தார்.

ஆன்ட்டி எங்களைப் பார்த்ததும் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தத் தண்ணீர் எல்லாமே சிரிப்பால் வந்ததில்லை என்று எனக்குத் தெரியும்.

"மணி, உனக்கு நல்ல மனசு. ஆனா நீங்க கணக்குல வரமாட்டீங்க" என்றார்.

பாஷ்யம் சார் குல்லாய்க்குள்ளிருந்து, "ஏன்யா மணி, சேத்தியில்லாத இடத்துக்கு எதுக்குய்யா எங்களை அழைச்சுண்டு வந்தே?" என்றார். அவர் தமிழில் சொன்னது ஆன்ட்டிக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

"அவர்கிட்ட சொல்லு, நானும் கணக்குல இல்லை. பொம்பளைங்களை எண்ணமாட்டாங்க. சின்ன வயசுலேருந்து ஒரு வாரம் விடாம வர்றேன், என் முகத்தைப் பார்த்து யாரும் ஒரு சொல் சொன்னது கிடையாது. நசீமும் கணக்குல இல்லை. கணக்குல இல்லாதவங்கதான் கதவைத் திறந்து வைக்கறோம். உள்ளே வந்து உக்காருங்க."

உட்கார்ந்தோம். கதிஷ் சொல்லப்படவில்லை. மற்ற பிரார்த்தனைகள் நடந்தன. எங்களுக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. பாஷ்யம் சார் மட்டும் ஏதோ சுலோகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த ரசத்தை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். சைவர்களுக்கு முழு உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டியும். தொட்டுக்கொள்ள வெந்தயத்தை ஊறவைத்து நுரைக்க அடித்த பச்சைத் துவையல். வெந்தயத்தை இப்படியும் சாப்பிடலாமா என்று எங்கள் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் என் கடையில் வெந்தயம் நன்றாகவே விற்றது.

தாவூத் அங்கிளுக்குச் சில மாதம் கழித்துக் கதிஷ் சொல்லப்பட்டது. சுற்றுலாக் கூட்டம் ஒன்றை ஆன்ட்டி வழிமறித்துக் கொண்டுவந்துவிட்டார். அந்த வியாழக்கிழமை அவர் கடைக்கு வந்தபோது "லாபம்" என்று கூவவில்லை. கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "சொல்லியாச்சு" என்றார். உங்களுக்கு யார் சொல்வார்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "எனக்குக் கிடைச்சா சொல்லட்டும். கிடைக்கலேன்னா விதியை வளைக்கவேண்டாம். வளைச்சுச் சொன்னா எனக்குக் கேக்காது."

இதெல்லாம் மனதில் ஓட, சனிக்கிழமை பகல் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நசீம் பாயோடு சதர் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். நல்ல மழைக்காலம், பயணிகள் வருகிற பருவமே இல்லை. ஆன்ட்டி உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து நாங்களும் முகம் முகமாகப் பார்த்தோம். அவருக்கு இருந்த கண் எங்களுக்கு இல்லை. ஓட்டல் ஓட்டலாக ஏறி இறங்கிக் கேட்டதில் ஓர் இளம் யூதத் தம்பதி கிடைத்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் இருவரும் வருகிறோம் என்றார்கள். ஆனால் கணவன்தான் கணக்கில் வருவான்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் மழை விட்டிருந்தது. கூட்டத்துக்குக் குறைவில்லை. யூதர்களின் பெண்கள் பள்ளியில் ஆன்ட்டி ஒரு காலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்கள், முக்காலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள், வந்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் வந்திருந்தார். நம்மவர்களும் வந்திருந்தோம். பாஷ்யம் சார் இப்போது இல்லை, அவருடைய மகன் வந்திருந்தார். படுக்கையில் கிடந்த ஒரு கிழவரைக்கூட சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள்.

எஸ்ரா அங்கிள் குழியருகே நின்று மெதுவாக அந்த வாக்கியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு முகம், ஒரு சொல். சக்கர நாற்காலிக்காரர், அந்த இளம் கணவன் என்று போய், எட்டாவது சொல்லில் அவருடைய பார்வை நின்றது. அடுத்த முகத்தைத் தேடிக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

கதிஷ் சொல்லவில்லை. வளைக்கவேண்டாம் என்று ஆன்ட்டியே சொல்லியிருக்கிறார், யாரும் வளைக்கவில்லை. பத்துப் பேர் தேவைப்படாத சங்கீதங்களை வாசித்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் மண் போட்டோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு ஆள் பிடித்தவருக்கு இரண்டு ஆள் குறைந்துவிட்டதே என்று தாங்க முடியவில்லை.

எல்லோரும் கிளம்பும்போது எஸ்ரா அங்கிள் எங்களிடம் வந்தார். நசீம் பாயின் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.

"கணக்குக்காக இல்லை" என்றார் உடனே. "அது பிரார்த்தனை. பாதியில நிறுத்தினா சீமா திட்டுவா."

அந்த இரண்டு சொல்லுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டேன். உன் மக்களைக் காப்பாற்று, தூக்கிச் சும என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டே போகிறதாம் அந்த வாக்கியம். கடைசி இரண்டு சொல்லும் சேர்ந்து, "என்றென்றைக்கும்".

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது என் மனைவி, "ஏங்க, எத்தன பேரு வந்தாவ?" என்று கேட்டாள்.

"எண்ணலை" என்றேன்.

வியாழக்கிழமை எண்ணெயை நானே அளந்து நசீம் பாயிடம் கொடுத்துவருகிறேன். இப்போது எஸ்ரா அங்கிள்தான் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுகிறார். ஒரு விளக்கு சீமா ஆன்ட்டி பெயருக்கு. முதல் அளவுக்கு "லாபம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன். அந்தப் பத்துச் சொல் வாக்கியத்தில் முதல் எட்டுச் சொல் எனக்குத் தெரியாது. கடைசி இரண்டு தெரியும்.