சாவி என் இடுப்பில், ஹாரன் புளியமரத்தடியில்

எங்கள் வண்டி முதல் முறை தானாகக் கத்தியபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பகல் மூன்று மணி இருக்கும். மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை, வானம் பழைய அலுமினியச் சட்டி மாதிரி இருந்தது. வீட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் பிக்கப் வண்டி நின்றது. உள்ளே ஆள் இல்லை. சாவி என் இடுப்பில் செருகியிருந்தது. ஹாரன் மட்டும் ஒரு நீளம், ஒரு குட்டை என்று அடித்துவிட்டு நின்றது.

என் வீட்டுக்காரர் அப்படித்தான் அடிப்பார். ஒரு நீளம், ஒரு குட்டை. தெருமுனைக்கு வந்துவிட்டேன், சோற்றை எடுத்து வை என்று அர்த்தம். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது.

பயந்தாயா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உடம்பெல்லாம் புல்லரித்தது, நிஜம்தான். ஆனால் கால் தானாக உள்ளே போய்விட்டது. போய் உலை வைத்தேன். அரிசி கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் யாருக்கு வடிக்கிறேன் என்று தோன்றியது. அன்றைக்கு அந்தச் சோற்றைக் காக்காய்க்கு வைத்தேன். ஒரு காக்காயும் வரவில்லை. முருங்கைக்கீரையோ, அதை ஆசிரமத்துக்கு வருகிற இந்த வெள்ளைக்காரர்கள் பச்சையாக அரைத்துக் குடிக்கிறார்கள், தெரியுமா? பூண்டு கிடையாது, பருப்பு கிடையாது, மாட்டுக்குக் கழுநீர் வைப்பதுபோல ஒரு கண்ணாடி டம்ளரில்...

என் கைக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். "கீர கத இன்னாத்துக்கு அத்த? வண்டி கதைக்கு வாங்க" என்கிறாள். வருகிறேன்.

வண்டி பழசு. அந்த மாடலைச் செய்வதையே நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டுக்காரர் ஓட்டினார், இப்போது மருமகள் ஓட்டுகிறாள். மகன் ஓசூரில் வேலையில் இருக்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவள் விடியும் முன்னே கிளம்பிக் கீழ்பென்னாத்தூர் போய்க் காய்கறி ஏற்றிக்கொண்டு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இறக்குவாள். எங்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது.

மழைக்காலம் போய்ப் பனி ஆரம்பித்தது. அப்போது இன்னொன்று தொடங்கியது. காலையில் நான் வாசல் தெளிக்க வரும்போது வண்டியின் வலது பக்க இண்டிகேட்டர் விளக்கு மெல்ல எரியும், அணையும், எரியும். இடது பக்கம் செத்துக் கிடக்கும். எங்கள் வண்டி நிற்கும் இடத்தில் வலது பக்கம் என்றால் மலை. பனிக்குள் மலை பாதிதான் தெரியும். அந்த ஆரஞ்சு வெளிச்சம் மலையைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். வண்டிக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டிருந்த தெருநாய் இடத்தை மாற்றி அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

நான் தண்ணீர்ச் சொம்போடு அங்கேயே நின்று, "இன்னாங்க, காபி குடிச்சீங்களா?" என்று கேட்பேன். விளக்கு எரியும், அணையும். எனக்கு அந்த ஒரு மாதம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு.

மருமகளுக்குச் சந்தோஷம் இல்லை. வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ரோட்டில் ஓடலாம் என்று எஃப்.சி. சீட்டு வாங்க வேண்டும். விளக்கெல்லாம் சரியாக எரிய வேண்டும், ஹாரன் அடித்தால்தான் அடிக்க வேண்டும். அடிக்காதபோது அடிக்கிற ஹாரனுக்கு யார் சீட்டுக் கொடுப்பார்கள்? வரும் திங்கட்கிழமை போக வேண்டியிருந்தது. இன்னும் ஐந்து நாள்.

"இந்தத் தடவ பெயில் ஆச்சுன்னா காயலான் கடையில போட்டுட்டு நான் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போயிடறேன் அத்த. விடிகாலைல தனியா அதுல ஏறவே எனக்கு ஒரு மாதிரி கீது."

"எம்புள்ளக்கிக் கூட நீ இவ்ளோ பயந்தது இல்லியேடி."

"அவரு தானா கத்த மாட்டாரு."

காயலான் கடை என்றால் எனக்குத் தெரியும். சுத்தியலால் அடித்து, வெட்டி, எடை போட்டுவிடுவார்கள். நான் போய் வண்டிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வண்டி எலக்ட்ரீஷியன் வந்தார். நல்ல கைகாரர், எதற்கும் அசராத ஆள். டேஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பியூஸ் பெட்டியின் மூடியை நெம்பினார். வண்டியில் ஓடுகிற கரன்ட்டு எல்லாம் அங்கிருந்துதான் பிரிந்து போகிறது. மூடி கையோடு வந்தது. அடுத்த நொடி அவர் தலையை மேலே இடித்துக்கொண்டு வெளியே குதித்தார்.

"ஆயா! கிட்ட வராத!"

நாங்கள் எட்டிப் பார்த்தோம். பெட்டிக்குள்ளே சிவப்பாக, கட்டியாக, ஈரமாக ஏதோ மினுமினுத்தது. அதன் நடுவே சாம்பல். ஒரு ஒயரைச் சுற்றி, கருகிப்போன முடி மாதிரி ஏதோ சுருண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது, மழையில் நனைந்த கோயில் மண்டபத்து வாடை.

"செய்வினைம்மா இது" என்றார் மருமகளிடம், குரலைத் தாழ்த்தி. "யாரோ உங்க தொழில் மேல கண்ணு வெச்சு உள்ளயே வெச்சிருக்காங்க. மொதல்ல ஆள் வெச்சு எடுங்க. அப்பறம் சொல்லி அனுப்புங்க, வரேன்." குழாயடியில் முழங்கை வரை கழுவினார். கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

மருமகள் வெளுத்துப் போனாள். எங்கள் தெருவில் காய்கறி வண்டி வைத்திருக்கும் இன்னொருவர் உண்டு. அவர்தான் என்று அவளுக்கு உடனே தோன்றிவிட்டது. "அதான் அன்னிக்கி நம்ம வண்டியப் பாத்து சிரிச்சாரா! இருங்க, அவரு வாசல்ல போய் மண்ணத் தூத்திட்டு வரேன்" என்று கிளம்பினாள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். இத்தனை நாளாக யாரோ அந்த இருட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் மாதிரி நடித்து என்னை உலை வைக்க வைத்தார்களா?

அன்று சாயங்காலம் பூக்கட்ட உட்கார்ந்தேன். எனக்கு நார் ஒத்துவராது, அறுந்துபோகும். காய்கறி மூட்டையின் வாயைத் தைத்து வருகிற நீல நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு அதில்தான் கட்டுவேன். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. அசிங்கமாக இருக்கிறது என்று மருமகள்கூடத் தலையில் வைக்கமாட்டாள். நாலாவது பூவை முடியும்போது என் விரல் நின்றுபோயிற்று.

எழுந்துபோய் வண்டிக் கதவைத் திறந்தேன். குச்சியால் அந்தக் கருகிய முடியைக் கிளறினேன். மேலே கருப்பு. சுரண்டினால் உள்ளே நீலம்.

நானேதான்.

வீட்டுக்காரர் ஒருமுறை அந்த மூடியைத் திறந்து காட்டி, "இதாண்டி வண்டிக்கு உசுரு" என்று சொல்லியிருந்தார். ஆயுத பூஜைக்கு எல்லோரும் ஸ்டியரிங்குக்கும் கண்ணாடிக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைப்பார்கள். நான் மட்டும் உசுருக்கு வைக்காமல் விடுவேனா? வருஷா வருஷம் மூடியைத் திறந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, ஒரு துண்டுப் பூவும் உள்ளே சுற்றிவிட்டு மூடுவேன். அவர் போன பிறகு ஜாஸ்தி ஆகிவிட்டது. கோயில் விபூதியையும் ஒரு கை போட்டேன்.

குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சொன்னால் பெட்டியைக் கழுவிவிடுவார்கள். கழுவினால் தானாக அடிக்கிற ஹாரனும் நின்றுவிடும். சொல்லாவிட்டால் வண்டியே போய்விடும், அந்தக் காய்கறி வண்டிக்காரர் மேல் பழியும் விழும். அப்போது பனி இறங்க ஆரம்பித்திருந்தது. வலது விளக்கு ஒரு முறை எரிந்து அணைந்தது.

"சரி, சரி. சொல்லிடறேன்" என்றேன், அந்த விளக்கைப் பார்த்து.

மருமகளிடம் சொன்னபோது அவள் குச்சியை வாங்கி அந்த நீலத்தைத் தானே சுரண்டிப் பார்த்தாள். பிறகு, "அத்த, மண்ணத் தூத்தறதுன்னா உங்க தலையிலதான் தூத்தணும்" என்றாள். எலக்ட்ரீஷியன் மறுநாளே வந்தார். "ஆயா, எனக்கு ஜுரமே வந்துடுச்சு, தெரியுமா? சாம்பலும் குங்குமமும் பனியில ஈரமாச்சுன்னா கரன்ட்டு அது மேலயே நடந்து போவும். சாவியே வேணாம்."

பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். ஆனால் இரண்டு சாமான் அரித்துப் போயிருந்தது. ஒன்று ஹாரனுக்குக் கரன்ட்டு கொடுக்கிற ரிலே, சதுரமாக இருக்கும். இன்னொன்று இண்டிகேட்டரை டிக் டிக் என்று கண்ணடிக்க வைக்கிற ப்ளாஷர், சின்ன உருண்டை டப்பா. மருமகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு டவுனில் கடை கடையாக ஏறினாள். மேலே இருந்த நம்பர் அழிந்துபோயிருந்தது. நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றான் ஒருவன். மாடலே நின்னுபோச்சு என்றான் இன்னொருவன். ஒரு கடையில் கொடுத்ததை வாங்கி வந்தாள். நான் தொட்டுப் பார்த்ததுமே இது ஆகாது என்று சொல்லிவிட்டேன். நம்முடைய ப்ளாஷருக்கு மூன்று கால், நடுக்கால் மட்டும் குறுக்கே படுத்திருக்கும். அவள் கொண்டுவந்ததில் மூன்றும் நேராக நின்றன. படிக்கத் தெரியாதவளுக்கு விரல்தான் நம்பர்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் அவலூர்பேட்டை ரோட்டுப் பக்கம் ஒரு காயலான் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் ஒரு பாய், வயசானவர். "பின்னாடி கீதும்மா, நீங்களே பாருங்க. கண்ணாடி குத்தும், பாத்துக் கால் வைங்க" என்றார்.

பின்னால் போனால் சத்தமே இல்லை. ரோட்டுச் சத்தம்கூடச் சுவரோடு நின்றுவிட்டது. வரிசை வரிசையாகச் செத்த வண்டிகள். முகப்பு விளக்கு பிடுங்கின ஓட்டை வழியாக ஒவ்வொன்றும் எங்களையே பார்த்தது. ஒரு லாரியின் கதவில் குழந்தை கை அளவுக்கு மஞ்சள் அச்சு. மருமகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, போயிடலாம்."

அப்போது கேட்டது. டிக். டிக். டிக்.

இண்டிகேட்டர் சத்தம். எந்த வண்டியிலும் பாட்டரி கிடையாது, முதல் வேலையாக அதைத்தானே கழற்றுவார்கள். மறுபடியும் டிக், டிக். நான் சத்தம் வந்த பக்கம் நடந்தேன். கடைசி வரிசையில், கள்ளிச்செடி மூடிய இடத்தில், ஒரு நீல பிக்கப். எங்கள் வண்டியின் கூடப்பிறந்தது மாதிரியே இருந்தது. கதவு இல்லை. சத்தம் அதன் டேஷ்போர்டுக்குள்ளிருந்து வந்தது.

குனிந்தேன். ஒரு பல்லி விருட்டென்று ஓடியது.

"சகுனம் சொல்லுதுடி!" என்று நான் கத்தினேன். "பல்லிக்கா பயந்தோம்" என்று மருமகள் சிரித்தாள், அழுகையும் சிரிப்புமாக.

ஆனால் பியூஸ் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு மறுபடி புல்லரித்தது. அதன் மூடியின் மேலே ஒரு பொட்டு. சந்தனம் காய்ந்து, குங்குமம் மங்கி, விரல் ரேகை அப்படியே தெரிந்தது. யாரோ ஒருத்தி வெளியே வைத்திருந்தாள், உள்ளே இல்லை. என்னைவிட விவரமானவள். மூடியைத் திறந்தேன், உள்ளே புதுசு போலப் பளிச்சென்று இருந்தது. உருண்டை டப்பாவைத் தடவினேன். மூன்று கால், நடுக்கால் குறுக்கே. பக்கத்தில் சதுர ரிலே. மருமகள் ஊதித் துடைத்துப் பன்னிரண்டு வோல்ட்டு என்று படித்தாள். லாரிக்கு இருபத்துநாலாம், நம்முடையதற்குப் பன்னிரண்டுதான்.

"இந்த வண்டி யாருது பாய்?" என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடியே இங்க கீதும்மா. யார் கொண்டாந்து விட்டாங்கன்னு தெரியாது."

கழற்றும் முன் என் விரலை அந்தப் பொட்டின் மேல் வைத்தேன். என் விரலுக்கு அது சரியாகப் பொருந்தியது. இதை நான் மருமகளிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். இடது விளக்கு, வலது விளக்கு, பிரேக் விளக்கு. "ஹாரன்" என்றார். மருமகளுக்குப் பதற்றம். அவள் கை தவறி அழுத்தியதோ என்னவோ, ஒரு நீளம், ஒரு குட்டை. எனக்கு அங்கேயே பசித்தது. "போதும்மா, காது போவுது" என்றார் அவர். சீட்டு கிடைத்தது.

அதற்குப் பிறகு வண்டி தானாகக் கத்தவில்லை. பனிக்காலையில் வாசல் தெளிக்கும்போது விளக்கு இருண்டே இருந்தது. நாய் திரும்பி வந்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டது. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மருமகள் கவனித்திருக்கிறாள் போலும். இப்போதெல்லாம் சரக்கு இறக்கிவிட்டு வரும்போது தெருமுனையில் ஹாரன் அடிக்கிறாள். ஒரு நீளம், ஒரு குட்டை. நான் உலை வைக்கிறேன்.

போன ஆயுத பூஜைக்குக் குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்து, "மூடிக்கு மேல மட்டும் அத்த. தெறந்தீங்கன்னா கைய ஒடச்சிடுவேன்" என்றாள். மேலேதான் வைத்தேன், அந்த நீல வண்டிக்காரி வைத்த மாதிரியே. விரலை எடுத்ததும் மூடிக்கு உள்ளே டிக், டிக் என்றது.

"பல்லி அத்த. அந்த வண்டியிலேர்ந்து கூடவே வந்துடுச்சு."

ஆமாம், பல்லிதான். அவள் டார்ச் அடித்துப் பெட்டி, சீட்டு, மிதியடி எல்லாம் தேடினாள். பல்லி கிடைக்கவில்லை. நான் வெளியே வந்து வலது பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் மலையும் தெரியும், விளக்கும் தெரியும்.