"மர்மக் கதையா ஒண்ணு குடுங்க, மேடம்"

நூலக வேலையில் கேட்ட புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது பெரிய காரியமில்லை. "நீங்களே நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க" என்கிறார்களே, அங்கேதான் தலைவலி ஆரம்பம். முதலிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனி ஆட்கள். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்கள் கேட்பது மர்ம நாவல்தான். நானும் ரசித்து ரசித்து எடுத்துக் கொடுப்பேன். அதன் பிறகு நான் பட்ட பாட்டை, யாருக்காவது புத்தகம் சிபாரிசு செய்துவிட்டு முழித்தவர்கள் படித்து ஆறுதல் அடையலாம்.

பவுடர் டப்பா

ஜெபராணி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி, தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டுகிறாள். ஞாயிறுதோறும் ஒரு துப்பறியும் நாவல் எடுப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அலமாரிப் பக்கமே போகவில்லை. அவளுடைய அறையில் ஆறு பேர். அதில் ஒருத்தியின் தங்கச் சங்கிலியைக் காணோம். தமிழ் தெரியாத ஒடிசாப் பெண் ஒருத்திதான் எடுத்திருப்பாள் என்று மற்றவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். மறுநாள் காலை அவளை ரயிலேற்றி அனுப்பச் சொல்லி மேனேஜரும் உத்தரவு போட்டாயிற்று. "அந்தப் பிள்ளை எடுக்கலக்கா. ஆனா எப்படிச் சொல்லதுன்னு தெரியல" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். போன வாரம் நான் கொடுத்த நாவலில் துப்பறிகிறவர் என்ன கேட்பார் என்று ஞாபகப்படுத்தினேன். யாருக்குத் தேவை என்று அவர் கேட்கமாட்டார். பொருள் இருந்த இடம் யாருக்குத் தெரியும் என்றுதான் கேட்பார். ஜெபராணி சட்டென்று எழுந்து போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்புதான். ஒரு கதையை நம்பி ஒரு பெண்ணைச் சண்டைக்குள் தள்ளிவிட்டோமே, அவளையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டால்? அடுத்த ஞாயிறு வந்தாள். சங்கிலிக்காரியை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, எங்கே வைத்திருந்தாய், யாரிடம் சொன்னாய் என்று கேட்டிருக்கிறாள். பவுடர் டப்பாவுக்குள் வைத்திருந்ததை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாளாம்; அதே அறையில் இருக்கும் சொந்த ஊர்த் தோழியிடம். தோழியின் பைக்குள்ளேயே சங்கிலி இருந்தது. ஒடிசாப் பெண் வேலையில் இருக்கிறாள். தோழி காலில் விழுந்து அழுததால் அவளையும் யாரும் அனுப்பவில்லை. நான் பெருமையாகச் சிரித்தேன். ஜெபராணி சிரிக்கவில்லை.

"கண்டுபிடிக்கது லேசுதான்க்கா. கண்டுபிடிச்ச பொறவு எல்லாரும் அதே ரூம்லதான் படுக்கணும், அதை ஒரு புக்குலயும் எழுதலயே."

வாய்க்கால் மேட்டில் மொபெட்

ஒரு நாள் காலையில் நூலகக் கதவைத் திறந்ததும் ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார். கையில் எங்கள் நூலக முத்திரை குத்திய நாவல். பின்னால் ஒரு பெண், கண் வீங்கி நின்றாள். அயர்ன் மாஸ்டர் நடராஜின் மனைவி. நடராஜ் கம்பெனியில் துணி தேய்ப்பவர், எங்கள் வாசகர். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஆளைக் காணவில்லை. மொபெட் வாய்க்கால் மேட்டில் நிற்கிறது. அதன் பையில் செல்போனும் இந்தப் புத்தகமும் இருந்தன. பக்கத்து மண்ணில் ரத்தத் துளிகள்.

"இதுல என்ன கதைங்க மேடம்?" என்று கேட்டார் போலீஸ்காரர். ஆற்றங்கரையில் வண்டியை விட்டுவிட்டு, செத்துப்போனதாக ஊரை நம்பவைத்து, வேறு பெயரில் எங்கோ வாழப் போகிறவனின் கதை அது. ரொம்ப நன்றாக இருக்கும் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்க முடியாமல் சொன்னேன். அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வாய்க்காலில் ஆள் இறக்கித் தேடுவதா, பஸ் ஸ்டாண்டில் விசாரிப்பதா என்று போலீஸ்காரர் யோசித்துக்கொண்டிருக்கும்போது நூலகத்து டெலிபோன் அடித்தது.

நடராஜ்தான். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். வாய்க்கால் மேட்டில் வடநாட்டுத் தொழிலாளி ஒருவரை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. ஆம்புலன்ஸில் கூட வர ஆளில்லை என்று இவர் ஏறிவிட்டார். போன் மொபெட்டிலேயே தங்கிவிட்டது. மனைவியின் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது. காலையில் சட்டைப் பையைத் துழாவியபோது நூலக அட்டை கிடைத்திருக்கிறது; அதில் எங்கள் நம்பர். "அந்தப் பையன் பொழச்சுக்கிட்டானுங்க. ஊட்டுல தகவல் சொல்லிடறீங்களா?" என்றார். ரிசீவரை மனைவியிடம் கொடுத்தேன். அவர் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். போகும்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், இனிமே இவருக்கு வெறும் கொலைக் கதையாவே குடுங்க. காணாமப் போற கதை வேண்டாமுங்க."

கடைசி அத்தியாயம்

குழந்தைசாமி ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். தோட்டத்தையும் ஒரு சின்னக் கம்பெனியையும் மகளிடம் ஒப்படைத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாவல் முடிப்பவர். அவருக்கு இருதய ஆபரேஷன் வைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். "அப்பா படிக்கிற புக்குல கடைசி அத்தியாயத்தை யாரோ கிழிச்சிருக்காங்க மேடம். கொலைகாரன் யாருன்னு தெரியாம ஆபரேஷனுக்குப் போகமாட்டேங்கறாருங்க."

சிபாரிசு செய்தது நான்; ஆனால் அதை நான் படித்திருக்கவில்லை. இது நமக்குள் இருக்கட்டும். வெள்ளகோவில் நூலகத்தில் இருக்கும் சிநேகிதியைக் கூப்பிட்டேன். அவள் அலமாரியில் தேடி எடுத்து, கடைசி அத்தியாயத்தைப் போனிலேயே படித்தாள். கொலைகாரன் ஆபரேஷன் செய்கிற டாக்டர். மயக்க மருந்து கொடுத்துவிட்டு மேஜையிலேயே கொல்கிறான்.

சாயங்காலம் ஐயாவே பேசினார். மூச்சு இரைத்தது. "சொல்லுங்க கண்ணு, யாருங்க?" பதினோரு வருடத்தில் ஒரு கதையின் முடிவைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. சிநேகிதி படித்ததில் பேர் அடிபட்ட ஓர் ஆளைப் பிடித்து, "மச்சினன்தாங்க ஐயா" என்றேன். "அப்படிங்களா. சரிங்க கண்ணு" என்று வைத்துவிட்டார். மறுநாள் ஆபரேஷன் முடிந்ததாக மகள் சொல்லும் வரை, வந்தவர்களுக்கெல்லாம் தப்பான தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் கழித்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தார். புத்தகத்தை என் மேஜையில் வைத்தார்.

"மச்சினன் ஏழாம் அத்தியாயத்துலயே செத்துப் போயிட்டானுங்க கண்ணு. நீங்க பொய் சொன்னதுலதான் டாக்டருன்னு உறுதியாச்சு; நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் நான் ஒண்ணும் பேசலீங்க."

பதினோரு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் "தூக்கம் வர்ற மாதிரி ஒரு புத்தகம் குடுங்க" என்று கேட்டதில்லை; அந்த வகைப் புத்தகம்தான் எங்களிடம் அலமாரி அலமாரியாக இருக்கிறது.